கடைமடையில் ஒரு துறைமுகம்: தாமிரபரணியின் கணக்கேட்டைத் தேடி

தூத்துக்குடியில் யாரிடம் வேண்டுமானாலும் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். "வல்லநாட்டுத் தண்ணீர்" என்பார்கள். யார் கொண்டுவந்தது என்றால் "குரூஸ் பர்னாந்து" என்பார்கள். இரண்டு பதிலும் சரிதான். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை ஊரில் யாரும் கேட்பதில்லை. வல்லநாட்டில் ஓடிய அந்தத் தாமிரபரணித் தண்ணீர் அதற்கு முன்பு யாருக்குப் போய்க்கொண்டிருந்தது? இவ்வளவு வயலுக்கு, இவ்வளவு ஊருக்கு என்று பங்கு பிரித்து எழுதியது யார், எந்தத் தாளில்?

அந்தத் தாளைத் தேடிப் போனதன் விவரம்தான் இந்தக் கட்டுரை. வறட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் மழையளவைத்தான் முதலில் எடுக்கிறோம். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 660 மில்லிமீட்டர். மாநிலச் சராசரி 900 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆகவே இது வறண்ட சீமை என்று முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சீமைக்குள்தான் பொதிகையில் பிறந்து ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய ஓர் ஆறு வந்து புன்னைக்காயலில் கடலோடு சேருகிறது. ஆறு இருக்கிறது, தட்டுப்பாடும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் மழைமானியை மட்டும் பார்த்துப் பயனில்லை. கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.

துறைவாரி அடுக்கு

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தாள்கள் பொருள்வாரியாக அடுக்கப்படவில்லை, துறைவாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த அலுவலகம் எழுதியதோ அந்த அலுவலகத்தின் வரிசையில்தான் தாள் கிடக்கும். எனவே "தூத்துக்குடித் தண்ணீர்" என்று ஒரு கட்டைக் கேட்டு வாங்க முடியாது. வயலுக்குப் போன தண்ணீர் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளில் இருக்கும். அதே தண்ணீரைத் தடுத்த அணையும் மதகும் பொதுப்பணித் துறையில் இருக்கும். ஊர்க் குழாய் உள்ளாட்சி, நகராட்சித் துறையில் இருக்கும். பஞ்ச நிவாரணம் வேறொரு வரிசை. முத்துக்குளிப்பு இன்னொரு வரிசை.

இந்த அமைப்பே எனக்குக் கிடைத்த முதல் தடயம். ஓர் ஆற்றைத் தேடிப் போனவனுக்கு ஐந்து அலுவலகங்களின் அட்டவணைகள் கையில் கிடைக்கின்றன. ஒன்றில் அது தீர்வை, ஒன்றில் கட்டுமானம், ஒன்றில் கடன், ஒன்றில் கூலி, ஒன்றில் முகாம் செலவு. தாள்கள் காணாமல் போய்விட்டன என்று ஆய்வாளர்கள் குறைப்படுவது வழக்கம். இங்கே நிலைமை வேறு. தாள்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்கின்றன.

அணைகளின் பட்டியல் மட்டும் எல்லா வரிசைகளுக்கும் பொது. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி எட்டு அணைக்கட்டுகள். முதல் ஏழும் பிரிட்டிஷாருக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் அவர்கள் கட்டியது. 1870களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன் வடகாலும் தென்காலும் 25,560 ஏக்கர் ஆயக்கட்டுக்கு நீர் தருகின்றன. ஏழாவதான மருதூர் அணையின் மேலக்கால், கீழக்காலையும் சேர்த்தால் 46,107 ஏக்கர். வடகாலின் நீர் போய்ச் சேரும் கடைசிப் பெரிய குளம் கோரம்பள்ளம். இருபத்து நான்கு கண் மதகுள்ள அந்தக் குளம் தூத்துக்குடி நகரத்தின் வாசலில் இருக்கிறது. அதாவது நகரத்துக்குக் குழாய் வருவதற்கு முன்பே ஆறு வாய்க்கால் வழியாக ஊர் எல்லைவரை வந்துவிட்டது. ஆனால் வயலின் சொத்தாக வந்தது. ஊரின் சொத்தாக அல்ல.

தோணியில் ஏறிய தண்ணீர்

அணைக்கட்டுகளின் வரிசையை விட்டுப் பின்னால் போனால், இந்தக் கரையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சொல்லும் எழுத்து எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. 1544-இல் பிரான்சிஸ் சேவியர் தம் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் அவை. அந்த ஆண்டு வடுகர் படை தாக்கியபோது பரதவர்கள் கடலோரப் பாறைகளுக்கும் தீவுகளுக்கும் தப்பி ஓடினார்கள். அங்கே பசியிலும் தாகத்திலும் மடிந்துகொண்டிருந்தவர்களுக்காகச் சேவியர் ஜூன் மாதத்தில் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து குமரிமுனை நோக்கிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, தோணிகள் குமரியை எட்டாமல் திரும்பின. செப்டம்பரில் தூத்துக்குடிக்காரர்கள் எதிரே இருந்த தீவுகளில் அதே நிலையில் கிடந்தபோது, ஆலந்தலையிலிருந்து எழுதிய கடிதத்தில், புன்னைக்காயல், கொம்புத்துறைத் தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிப் போகச் சொல்கிறார். தோணி கொடுக்க வேண்டிய பொறுப்பு ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு.

சமய வரலாறு எழுதுவோர் இந்தக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறார்கள். நான் அவற்றை நிர்வாகக் கடிதங்களாகப் படித்தேன். எந்த ஊரில் தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை, ஏற்றிப்போக வாகனம் யாருடையது, உத்தரவு யாருக்கு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. புன்னைக்காயல் ஆற்றின் முகத்துவாரம். தூத்துக்குடிக்கு ஆறில்லை. ஆறுள்ள ஊரிலிருந்து ஆறில்லாத ஊருக்குத் தண்ணீரைக் கொண்டுபோவது என்ற ஏற்பாடு 1544-இலேயே எழுத்தில் வந்துவிடுகிறது. அதன் பிறகு மாறியதெல்லாம் வாகனம்தான்: தோணி, ரயில் வண்டி, குழாய், டேங்கர் லாரி.

போர்த்துக்கீசியரை அடுத்து 1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள். 1825-இல் ஊர் பிரிட்டிஷாரிடம் நிலையாக வந்தது. மூவரின் கண்ணும் இந்தக் கரையில் முத்தின் மீதும் சங்கின் மீதும்தான் இருந்தது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களைக் காவல் காப்பது, சிப்பியின் வயதைப் பார்ப்பது, குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் அரசின் வேலை. பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். முத்துக்குளிப்பு பற்றிக் கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் எழுதிய அறிக்கையைப் படித்தால் கடலடியில் உள்ள ஒவ்வொரு பாரையும் அரசு எவ்வளவு கவனமாகப் பின்தொடர்ந்தது என்பது தெரியும். குளிப்பு நடந்தால் ஆளில்லாத மணற்காட்டில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிவார்கள். அவர்களுக்குக் கொட்டகை, காவல், மருத்துவம், குடிநீர் எல்லாம் ஏற்பாடாகும். குளிப்பு முடிந்ததும் முகாம் கலையும். தண்ணீர் ஏற்பாடும் அதோடு கலையும். ஆண்டுக்கணக்கில் குளிப்பே நடக்காத இடைவெளிகளும் உண்டு. 1961-க்குப் பிறகு அது நின்றே போனது.

கடலுக்கடியில் கிடக்கும் சிப்பியை எண்ணத் தெரிந்த அரசு, கண்ணெதிரே ஓடும் ஆற்றை எப்படி எண்ணியது? அடுத்த தடயம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

1865: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள்

சென்னை மாகாணத்தின் 1865-ஆம் ஆண்டுச் சட்டங்களைப் புரட்டினால் ஏழாவது சட்டம் பாசனத் தீர்வைச் சட்டம். அரசுக்குச் சொந்தமான ஆறு, ஓடை, வாய்க்கால், குளம் இவற்றின் நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தினால் தனித் தீர்வை விதிக்கலாம் என்பது அதன் சாரம். பின்னர் வந்த திருத்தம் கசிவாக வந்து வயலை நனைக்கும் நீரையும் கணக்கில் சேர்த்தது. வரப்பு வழியே ஊறும் நீரைக்கூட விடாமல் பிடித்த சட்டம் அது. ஆனால் பாசனத்தைத் தவிர வேறு பயன்பாடு எதுவும் அதன் வரம்புக்குள் இல்லை.

அதே ஆண்டின் பத்தாவது சட்டம் நகர மேம்பாட்டுச் சட்டம். அதன்கீழ்தான் 1866-இல் தூத்துக்குடி நகராட்சி ஆனது. தெரு, விளக்கு, சுகாதாரம் இவற்றை ஊர் தன் வரிப்பணத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வேண்டிய நீர் எந்த ஆற்றிலிருந்து, எவ்வளவு, யாருடைய பங்கைக் குறைத்து என்பதற்கு நகரச் சட்டத்தில் இடமில்லை. பாசனச் சட்டத்திலும் இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் என் தேடலின் முடிச்சு பிடிபட்டது. நான் தேடிய தாள் தொலைந்துபோனதல்ல, எழுதப்படாமலே போனது. ஒரே ஆற்று நீருக்கு ஒரே ஆண்டில் இரண்டு ஏடுகள் திறக்கப்பட்டன. வயலின் ஏட்டைத் தாசில்தார் பார்த்தார். ஊரின் ஏட்டை நகராட்சி பார்த்தது. ஓர் ஏட்டில் வரவு வைத்தால் மற்றதில் பற்று எழுத வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. மாவட்ட அதிகாரிகளே நகராட்சிக் குழுக்களிலும் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரே ஆள் இரண்டு மேசையிலும் கையெழுத்துப் போட்டாலும் ஏடுகள் ஒன்றாகவில்லை.

மூன்றாவது ஏடு பத்தாண்டுகளில் வந்தது. 1876–78 தாதுவருஷப் பஞ்சம். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். பஞ்சமும் ரயிலும் ஒன்றாக வந்தன என்று சொல்லலாம். துறைமுகத்தில் தானியம் இறங்கி உள்நாட்டுக்குப் போனது. பிழைப்புத் தேடி இலங்கைக்குக் கப்பலேறியவர்கள் பெருகினார்கள். பஞ்சத்துக்குப் பிறகு அமைந்த விசாரணைக் குழுவின் பரிந்துரையில் 1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. தானிய விலை ஏறினால், கூலி தேடி ஆட்கள் அலைந்தால், தீர்வை வசூல் நின்றால் பஞ்சம் என்று அறிந்துகொள்ளலாம். உடனே நிவாரணப் பணி திறந்து கூலி கொடுக்கலாம். உயிர் காத்த ஏற்பாடு அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தொகுப்பின் பார்வையில் வறட்சி என்பது விளைச்சல் போவது, அதனால் கையில் காசில்லாமல் போவது. ஆற்றில் இருக்கும் கொஞ்ச நீரை யாருக்கு முதலில் விடுவது என்பது அதன் கேள்வி அல்ல.

இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநில அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரித் தள்ளுபடி என்று ஆணைகள் வந்தன. அத்தனையும் வருவாய்த் துறையின் மொழி. பயிர் போனதற்குப் பணம் கிடைத்தது. அணையில் இருந்த நீர் எங்கெங்கே போனது என்ற விவரம் அந்த ஆணைகளுக்குள் இல்லை.

நகர்மன்றத் தலைவரும் குழாயும்

ஊர் ஏட்டுக்கு வருவோம். 1869-இல் பிறந்த குரூஸ் பர்னாந்து 1909-இல் முதன்முதலாக நகர்மன்றத் தலைவரானார். ஐந்து முறை அந்தப் பதவியில் இருந்தார். துறைமுகம் வளர்ந்து, பஞ்சாலை வந்து, இலங்கைப் பயணிகள் கூட்டம் கூட்டமாக இறங்கி ஏறிய ஊரில் கிணறெல்லாம் உவர். தட்டுப்பாடு முற்றிய காலத்தில் கடம்பூரிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விநியோகித்தார் என்று ஊர் இன்றும் சொல்கிறது. தூத்துக்குடி, மணியாச்சி, கடம்பூர் மூன்றும் மதுரைக்குப் போகும் ஒரே பாதையில் இருப்பவை. சேவியர் காலத்துத் தோணியின் இடத்தில் ரயில் பெட்டி.

1920களில் அவர் முயற்சியில் உருப்பெற்றதுதான் வல்லநாட்டுத் திட்டம். ஆற்றங்கரையில் நீரெடுத்துக் குழாயில் நகரத்துக்குக் கொண்டுவருவது. இப்படிப்பட்ட வேலைக்கு அன்றைய நகராட்சிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கடன் சட்டத்தின்கீழ் கடன் வாங்கலாம். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் சொத்துவரியோடு தண்ணீர் வரியும் வசூலித்துக் கடனை அடைக்கலாம். நகராட்சியின் கவலையெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்பதில் இருந்தது. நீரின் மூலம் கேள்வியில்லாமல் கிடைத்தது. அன்று எடுத்த அளவும் அதிகமில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்ட ஊருக்கு இல்லையென்று சொல்ல எந்த விவசாயிக்கும் மனம் வந்திருக்காது. ஊருக்குத் தண்ணீர் தந்தவர் என்று ஒருவருக்குச் சிலை வைத்து, அண்மையில் அரசு மணிமண்டபமும் எழுப்பியிருப்பது நியாயமான நன்றி.

ஆனால் ஆய்வாளனின் கண் இன்னொன்றையும் பார்க்கிறது. வல்லநாடு இருப்பது ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேலே. அங்கே எடுக்கும் நீர் கடைசி அணைக்கு வருமுன்பே பிரிந்துவிடுகிறது. பின்னாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்கள் சேர்ந்தன. நான்காவது குழாய்த் திட்டம் கலியாவூரிலிருந்து வந்திருக்கிறது. பாபநாசம் அணை 1940களிலும் மணிமுத்தாறு 1950களிலும் கட்டப்பட்டு ஒவ்வொன்றிலும் சுமார் 5,500 மில்லியன் கன அடி தேக்கும் வசதி வந்ததால் பல ஆண்டுகளுக்கு யாருக்கும் இது உறைக்கவில்லை. மேலே தேக்கம் பெருகிய தெம்பில் கீழே பங்காளிகளும் பெருகினார்கள்.

இருபது எம்.ஜி.டி.

1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் வந்தன. ஆலைகளுக்கென்று ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் எடுக்கும் திட்டம் வந்தது. அப்பகுதி விவசாயிகள் இன்றும் அதை "இருபது எம்.ஜி.டி." என்றே சொல்கிறார்கள். நம் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 9 கோடி லிட்டர், வாய்க்கால் கணக்கில் சுமார் 37 கன அடி. முழு அளவும் ஆண்டு முழுவதும் எடுத்தால் ஏறத்தாழ 1,170 மில்லியன் கன அடி வரும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு அது.

திட்டத்தை நடத்துவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். 1971-இல் தொடங்கிய அந்த வாரியத்தின் வேலை குடிநீர். அதன் கையாலேயே ஆலைக்கும் நீர் போயிற்று. இங்கேதான் ஏடுகள் பிரிந்திருந்ததன் விளைவு முழுதாகத் தெரிகிறது. பொதுப்பணித் துறையின் பாசன ஏட்டுக்கு இது வெளியே. நகராட்சி ஏட்டுக்கும் வெளியே. குடிநீர் வாரியத்தின் ஏட்டில் ஆலை வாடிக்கையாளர். 1987-இல் வந்த தேசிய நீர்க் கொள்கை முதலில் குடிநீர், அடுத்துப் பாசனம், பிறகு மின்சாரம், அதற்கும் பிறகே தொழில் என்று வரிசை வகுத்தது. 2002-ஆம் ஆண்டுக் கொள்கையிலும் பாசனத்துக்குப் பின்னால்தான் தொழில். தாமிரபரணிக் கடைமடையில் குழாய் அதற்கு முன்பே பதிந்துவிட்டது. கொள்கை வந்தபோது குழாயை யாரும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கவில்லை.

நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இது ஒரு பொருட்டல்ல. நீர் குறையும் ஆண்டில்தான் வயிற்றில் அடிக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். நீர் போதாவிட்டால் முதலில் விட்டுக்கொடுப்பது கடைசி அணைகளின் கார் சாகுபடி. வடகால், தென்கால் வாழையும் நெல்லும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் மதகு எப்போது திறக்கும் என்று காத்திருக்கும்போது, வயலில் முறை வைத்து நீர் விடுவதைப்போல ஆலைக்குழாய்க்கு முறை உண்டா என்று விவசாயிகள் கேட்டார்கள். நீர் குறைந்தால் வயலுக்கு வெட்டு விழும். ஆலையின் 20 மில்லியன் காலனுக்கு வெட்டு உண்டா, எந்த அளவில்?

கடற்கரையின் இன்னொரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இதே மாவட்டத்தில் மழையை விரும்பாத தொழில் ஒன்றும் இருக்கிறது. உப்பளத்துக்கு நல்ல வெயில் ஆண்டுதான் நல்ல விளைச்சல் ஆண்டு. நாட்டில் அதிக உப்பு விளையும் இடங்களில் இதுவும் ஒன்று. உப்பளத் தொழிலாளி அளத்துக்கு வெயிலையும் வீட்டுக் குடத்துக்கு ஆற்றுநீரையும் எதிர்பார்ப்பவர். ஆலையில் வேலை பார்ப்பவரின் அண்ணன் ஏரலில் வாழை போட்டிருப்பார். ஆகவே இதை ஊருக்கும் வயலுக்கும் நடக்கும் சண்டையாக வரைந்தால் அது பொய்ப்படம். பங்கு எழுதப்படாத சொத்தில் எல்லோரும் பங்காளி, யாருக்கும் பத்திரம் இல்லை என்பதே உண்மை நிலை.

தீர்ப்பாயத்தின் மேசை

காப்பகத்தில் ஐந்து வரிசைகளாகக் கிடந்தவை முதன்முதலாக ஒரே மேசைக்கு வந்தது வழக்கு மூலமாக. ஸ்ரீவைகுண்டம் அணை கட்டப்பட்ட காலத்திலிருந்து முறையாகத் தூர்வாரப்படவில்லை, வண்டல் ஏறி அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடப்பட்டது. 2015-இல் தூர்வாரும் உத்தரவு வந்தது. அடுத்த வழக்கு இருபது எம்.ஜி.டி. பற்றியது. 2018-இன் இறுதியில், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆலைகளுக்கு நீர் கொடுக்கத் தீர்ப்பாயம் தடை விதித்தது. இடையில் 2016-17 வறட்சியின்போது கங்கைகொண்டானில் குளிர்பான ஆலைகள் தாமிரபரணி நீரை எடுப்பதற்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்த நீதிமன்றம், 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஒரே ஆறு, இரண்டு மன்றங்கள், இரண்டு முடிவுகள். எது சரி, எது தவறு என்பதைவிட ஆவணம் தேடுபவனுக்கு இன்னொன்று முக்கியம். மன்றத்தில் நின்றபோதுதான் பொதுப்பணித் துறையும் குடிநீர் வாரியமும் தொழில்துறையும் தத்தம் எண்களை ஒரே கட்டில் சேர்க்க வேண்டி வந்தது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் விவசாயிகளுக்கும் அந்த எண்களைக் கேட்டு வாங்கும் வழியைக் கொடுத்தது. 1865-இல் பிரிந்த ஏடுகளைச் சேர்த்துக் கட்டியது அரசு அலுவலகம் அல்ல. வாதி, பிரதிவாதிகளின் வழக்குக் கட்டுகள்.

மாற்று வழிகளும் இப்போது பேசப்படுகின்றன. ஆலைகளுக்காகக் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் முள்ளக்காட்டில் அமையும் என்று அறிவிப்பு வந்தது. புதிய அனல்மின் நிலையம் ஒன்று கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் ஓடுகிறது. சென்னையில் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கும் நிலையம் ஒன்று 2019-இல் தொடங்கப்பட்டது. கடற்கரையில் இருக்கும் ஆலை ஆற்றின் கடைசிச் சொட்டை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது தெளிவு. ஆனால் கடல்நீர் வந்ததும் ஆற்றுக் குழாய் மூடப்படுமா, அல்லது இரண்டும் சேர்ந்து ஓடுமா என்பதை எழுதாமல் விட்டால் இன்னொரு ஏடு கூடும், அவ்வளவுதான்.

வெள்ளமும் கணக்குதான்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஊரே நீரில் மிதந்தபோது குடிநீர்க் குழாய்கள் அறுந்து, குடிக்கத் தண்ணீர் லாரியில் வந்தது. வெள்ளம் வறட்சிக்கு எதிர்ப்பதம் என்று நினைக்கிறோம். கணக்கில் இரண்டும் ஒரே பிழை. வரும் நீரை எங்கே வைப்பது என்ற ஏற்பாடு இல்லாதபோது முதலில் வெள்ளம், ஆறு மாதம் கழித்துத் தட்டுப்பாடு.

இந்தப் பக்கத்தில் நடந்திருக்கும் பெரிய வேலை தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. 2009-இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து புறப்படும் வெள்ளநீர்க் கால்வாய் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட தேரிச் சீமைக்கு 2,765 மில்லியன் கன அடி கொண்டுபோக வேண்டும். கடலில் கலப்பதாகக் கணக்கிடப்பட்ட உபரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. மீதி ஐந்தில் நான்கு பங்கு உண்மையிலேயே உபரியா, அல்லது முகத்துவாரத்தில் உப்புநீர் மேலேறாமல் தடுக்க ஆறு கடலுக்குக் கொடுக்க வேண்டிய பங்கும் அதில் உண்டா? முக்காணிவரை நிலத்தடி நீர் உவர்ந்த ஊர்களைக் கேட்டால், கடலுக்குப் போகும் நீர் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டார்கள். உபரி என்று எழுதும்போதும் யாருக்குப் போனதில் மிச்சம் என்று எழுத வேண்டும்.

இப்படி எழுதுவது நடக்காத காரியம் அல்ல. ஆஸ்திரேலியாவில் முர்ரே–டார்லிங் ஆற்றுப்படுகையில் பாசனத்துக்கும் ஊர்களுக்கும் எடுப்பது மிகுந்து ஆறு தேய்ந்தபோது, 1995-இல் எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 2007-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி, வானிலைத் துறையே நாட்டின் நீர்க்கணக்கைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பை ஏற்றது. அங்கும் தகராறு ஓயவில்லை. ஆனால் தகராறு எண்ணைப் பற்றி நடக்கிறது. எண்ணே இல்லாத இருட்டில் நடக்கவில்லை.

தாமிரபரணிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். ஒரே மாநிலத்துக்குள் பிறந்து ஒரே மாநிலத்துக்குள் முடியும் ஆறு இது. சுமார் 125 கிலோமீட்டர் நீளம், எட்டு அணைக்கட்டு. பாபநாசத்தில் திறந்தது எவ்வளவு, ஒவ்வொரு அணைக்கட்டின் வாய்க்காலிலும் போனது எவ்வளவு, வல்லநாட்டிலும் கலியாவூரிலும் ஊர்க் குழாய்களுக்கு ஏறியது எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கடலுக்கு எவ்வளவு என்று நாள்தோறும் ஓர் ஏட்டில், தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதினால் போதும். இந்த எண்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அலுவலகத்தில் தினமும் எழுதப்படுபவைதான். புதிதாக அளக்க வேண்டியது கொஞ்சம். சேர்த்து எழுத வேண்டியதுதான் மிச்சம்.

அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் தட்டுப்பாட்டு வரிசை இருக்க வேண்டும். அணையில் இவ்வளவுக்குக் கீழே போனால் முதலில் எது நிற்கும், அடுத்து எது பாதியாகும், எது எந்நாளும் நிற்காது என்ற வரிசை. பஞ்ச விதித்தொகுப்பு கூலிக்கும் நிவாரணத்துக்கும் செய்ததை நாம் ஆற்றுநீருக்குச் செய்ய வேண்டும். அதை அணை நிரம்பி, யாரும் யாரோடும் சண்டையிடாத மார்கழியிலேயே எழுதிவிட வேண்டும். ஆறு வற்றிய பிறகு எழுதும் ஆணையில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் பங்குதான் முதலில் வரும் என்பதை இந்த மாவட்டத்தின் தாள்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.